அடம்பிடிக்கும் ராட்சத நாய்க்கு எந்த உணவு ஏற்றது?

காங்கேயத்துக்கு அருகே எங்கள் தோட்டத்துச் சாளையில் கருப்பன் என்றொரு கிரேட் டேன் நாய் இருக்கிறது. வயது 3, கொப்பரை மூட்டை நிறுக்கும் எடைமேடையில் ஏற்றினால் 60 கிலோ காட்டும். சென்ற சித்திரையில் அது தொடர்ந்து ஐந்து நாட்கள் தன் வட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உலர் உணவை மாற்றினோம். கோழிக்கறியை வேகவைத்து மேலே தூவினோம். என் அம்மா தயிர்ச்சோற்றை உருண்டை பிடித்து ஊட்டியும் பார்த்தார். இரண்டாம் நாளே கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் காய்ச்சல் பார்த்தார், வாயைத் திறந்து பல்லையும் ஈறையும் பார்த்தார், உண்ணிக் காய்ச்சல் இருக்கிறதா என்று இரத்தம் எடுத்துச் சோதித்தார். எல்லாம் சரியாக இருக்கவே, "எடை குறைஞ்சிருக்குதுங்களா?" என்று கேட்டார். நாங்கள் நிறுத்துப் பார்க்கவே இல்லை. வீட்டுக்கு வந்து மேடையில் ஏற்றினோம். அதன் பிறகு தினமும் ஏற்றினோம். ஐந்தாம் நாள் மாலையில் முந்திய மாதத்தைவிட அரைக் கிலோ கூடியிருந்தது.

அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதன்முதலாக இப்படியொரு பெரிய நாயை வாங்கியவர்கள் அனைவரும் (நாங்களும்தான்) இரண்டு வெவ்வேறு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். இந்த நாயின் உடலுக்கு எந்த உணவு ஏற்றது என்பது ஒரு கேள்வி. ஏற்ற உணவை அது ஏன் உண்ண மறுக்கிறது என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, எதைப் போட்டால் நாய் வாய் வைக்கிறதோ அதுவே அதற்குரிய உணவு என்றாகிவிடுகிறது. பிறகு ஒவ்வொரு வாரமும் வேறொன்றைப் போட வேண்டியிருக்கிறது. ஆகவே முதல் கேள்வியை முதலில் முடித்துக்கொள்வோம்.

வளர்ந்தபின் ஏறத்தாழ 45 கிலோவுக்கு மேல் எடை வரும் இனங்களை ராட்சத இனங்கள் என்பது வழக்கம். கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட், மாஸ்டிஃப் வகைகள், நியூஃபவுண்ட்லாண்ட், ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்ட் ஆகியவை இதில் அடங்கும். உருவத்தைப் பார்த்ததும் இதற்கு ஒரு குண்டான் சோறு வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் உடல் பெருக்கும் அதே விகிதத்தில் உணவுத் தேவை பெருகுவதில்லை. ஓய்வாக இருக்கும் நாய்க்கு ஒரு நாளைக்கு எத்தனை கலோரி தேவை என்பதைக் கணக்கிடக் கால்நடை மருத்துவர்கள் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். அதைக் கைபேசியிலேயே போட்டுப் பார்க்கலாம். நாயின் எடையை அதே எடையால் இருமுறை பெருக்கி, வரும் எண்ணுக்கு வர்க்கமூலத்தை இரண்டு தடவை எடுத்து, விடையை 70-ஆல் பெருக்க வேண்டும். 10 கிலோ நாய்க்கு இது 394 கலோரி. 60 கிலோ நாய்க்கு ஏறத்தாழ 1,510 கலோரி. எடை ஆறு மடங்கு, தேவையோ நான்கு மடங்குகூட இல்லை. கருத்தடை செய்யப்பட்டு, சாதாரணமாக நடமாடும் நாய்க்கு இதை 1.6-ஆல் பெருக்கிக்கொள்வார்கள், அப்படிப் பார்த்தால் கருப்பனுக்கு நாளொன்றுக்கு 2,400 கலோரி. கிரேட் டேன்களில் இதைவிடக் கூடுதலாகக் கேட்கும் நாய்களும் நிறைய உண்டு என்பதால், இந்த எண்ணைத் தொடக்கப்புள்ளியாக மட்டும் கொள்ள வேண்டும்.

கிலோவுக்கு 3,500 கலோரி கொண்ட உலர் உணவாக இருந்தால் 2,400 கலோரி என்பது 690 கிராம் அளவுக்கு வரும். மாதத்துக்கு 20 கிலோ பை ஒன்று. இந்தக் கணக்கைப் போடாமல் ஒரு கிலோவை வட்டிலில் கொட்டிவிட்டு, "முழுசா திங்கறதில்லைங்க" என்று வருந்துகிறவர்களின் நாய்க்கு வயிறு நிறைந்துவிட்டது என்பதைத் தவிர வேறு குறை எதுவும் இருக்காது.

குட்டிக்குக் கணக்கே வேறு. கிரேட் டேன் குட்டி பிறக்கும்போது அரைக் கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். ஒன்றரை வருடத்தில் அதன் எடை ஏறத்தாழ நூறு மடங்காகிறது. மனிதக் குழந்தை 18 வருடம் எடுத்துக்கொண்டு 20 மடங்கு வளர்வதோடு இதை ஒப்பிட்டால், அந்த எலும்புகள் எவ்வளவு அவசரத்தில் கட்டப்படுகின்றன என்பது விளங்கும். இந்த அவசரத்தை நாம் மேலும் முடுக்கிவிடக் கூடாது என்பதே ராட்சத இனக் குட்டி வளர்ப்பின் அடிப்படை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளை வைத்தே செய்து 1974-இல் வெளியிட்ட ஆய்வில், வேண்டுமட்டும் உண்ணவிடப்பட்ட குட்டிகளுக்கு, அளவாகக் கொடுக்கப்பட்டவற்றைவிட எலும்பு, மூட்டுக் கோளாறுகள் அதிகமாக வந்தன. கொழுகொழுவென்று இருக்கும் குட்டியைப் பார்த்து ஊரார் கண்படும்படி இருக்கிறது என்று பாராட்டலாம். மூட்டுக்கு அந்தப் பாராட்டால் பயனில்லை.

இரண்டாவது அபாயம் கால்சியம். எலும்பு பெரிதென்றால் கால்சியமும் நிறைய வேண்டும் என்ற எண்ணத்தில், நல்ல குட்டி உணவோடு சேர்த்துக் கால்சியம் டானிக், முட்டையோட்டுத் தூள், ராகிக் கூழ் என்று மூன்றையும் கொடுக்கும் வீடுகள் இங்கே உண்டு. வளர்ந்த நாயின் குடல் தேவைக்கு மேற்பட்ட கால்சியத்தை உறிஞ்சாமல் விட்டுவிடும். ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு சரிவர அமைந்திருக்காது. கொடுத்ததில் பெரும்பங்கு உள்ளே போய், எலும்பு உருவாகும் முறையையே கெடுக்கிறது. நாய் உணவுக்கு அளவுகோல் வகுக்கும் ஆஃப்கோ என்ற அமெரிக்க அமைப்பு, வளர்ந்தபின் 32 கிலோவைத் தாண்டக்கூடிய குட்டிகளுக்கான உணவில், ஈரப்பதம் நீக்கிய எடையில் கால்சியம் 1.2 முதல் 1.8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. அதாவது 1,000 கலோரிக்கு அதிகபட்சம் 4.5 கிராம். நாமக்கல் முட்டை ஒன்றின் ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கிறது. 1.4 சதவீதம் கால்சியம் கொண்ட உலர் உணவை நாளுக்கு 600 கிராம் உண்ணும் குட்டிக்கு, அதிலேயே 8.4 கிராம் போய்விடுகிறது; அந்த 2,100 கலோரிக்கு உச்சவரம்பே ஏறத்தாழ 9.5 கிராம்தான். ஒரே ஒரு முட்டையோட்டைப் பொடித்துத் தூவினால் வரம்பு கடந்துவிடும். சரிவிகித உணவு உண்ணும் குட்டிக்குக் கால்சியம் மருந்து எதுவும் தேவையில்லை என்பதைக் கையெழுத்துப் போட்டுச் சொல்வேன்.

ஆகவே பை வாங்கும்போது முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். குட்டிக்கு வாங்குவதென்றால், பெரிய இனக் குட்டிகளின் வளர்ச்சிக்கு உரிய முழுமையான சரிவிகித உணவு என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். வெறுமனே குட்டி உணவு என்று இருந்தால் போதாது, ஏனெனில் மற்றக் குட்டிகளுக்கான கால்சிய வரம்பு 2.5 சதவீதம் வரை போகிறது. பையில் அச்சிட்டிருக்கும் சதவீதம் ஈரப்பதத்தோடு சேர்ந்தது. 10 சதவீதம் ஈரமுள்ள உணவில் 1.3 என்று போட்டிருந்தால், அதை 0.9-ஆல் வகுத்து 1.44 என்று கொள்ள வேண்டும். டின்னில் வரும் ஈர உணவில் 0.3 என்று இருப்பதைக் கண்டு குறைவென்று நினைத்துவிடலாகாது. அதில் ஈரம் 78 சதவீதமானால் 0.22-ஆல் வகுக்க வேண்டும், விடை 1.36. இந்த இனங்கள் 18 முதல் 24 மாதம் வரை வளர்கின்றன என்பதால், ஒரு வயது ஆனதும் பெரியவர் உணவுக்கு மாற்றும் வழக்கமும் இவற்றுக்குப் பொருந்தாது. தானியமில்லாத உணவு என்று விலை கூட்டி விற்கும் பைகளைப் பற்றியும் ஒரு சொல்: பட்டாணி, பருப்பு வகைகள் மிகுந்த அத்தகைய உணவுகளுக்கும் இதயத்தசை விரிந்து பலவீனமாகும் நோய்க்கும் தொடர்பிருக்கிறதா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் ஆராயத் தொடங்கியது. தொடர்பு உறுதிப்படவில்லை, ஆயினும் கிரேட் டேன் போன்ற இனங்களுக்கு அந்த நோய் இயல்பிலேயே வரக்கூடியது என்பதால், தக்க காரணமில்லாமல் அந்தப் பக்கம் போக நான் விரும்பமாட்டேன்.

இனி வீட்டுச் சாப்பாடு. கொங்கு வீடுகளில் நாய்க்கு இன்னும் சோறுதான் முதன்மை உணவு. அதில் தவறென்ன என்று கேட்பவர்களுக்குக் கணக்கே பதில் சொல்லட்டும். வெந்த சோறு 100 கிராமில் 130 கலோரி. கருப்பனின் 2,400 கலோரியைச் சோற்றிலேயே நிரப்பினால் 1.85 கிலோ சோறு போட வேண்டும். அதில் கிடைக்கும் புரதம் 50 கிராமைத் தாண்டாது. ஆஃப்கோ அளவுப்படி அதற்குக் குறைந்தது 108 கிராம் வேண்டும். கால்சியமோ தேவையான 3 கிராமில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. சரி, கறியாகவே போட்டுவிடலாம் என்றால், எலும்பில்லாத கோழிக்கறியில் பாஸ்பரஸ் கால்சியத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல் இருக்கிறது. அதையே உண்ணும் நாயின் உடல் பற்றாக்குறையை ஈடுகட்டத் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். கால்சியம் மிகுந்தாலும் கேடு, குறைந்தாலும் கேடு என்பதால் நடுவில் இருக்கும் பாதை குறுகலானது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சோதித்தபோது, 95 சதவீதத்தில் ஏதேனும் ஓர் ஊட்டச்சத்தாவது தேவைக்குக் கீழே இருந்தது. முழுக்க வீட்டிலேயே சமைத்துப் போட விரும்புகிறவர்கள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடத்தில் ஊட்டச்சத்து அறிந்தவரைக் கேட்டு, தாது உப்புக் கலவையின் அளவையும் எழுதி வாங்கிக்கொள்வதே முறை. குட்டி இருக்கும் வீட்டில் அந்தச் சோதனையே வேண்டாம்.

பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவரக்கூடிய நடுவழி ஒன்று இருக்கிறது. கலோரியில் பத்தில் ஒன்பது பங்கு சரிவிகித உலர் உணவாகவும், மீதி ஒரு பங்கு வீட்டு உணவாகவும் இருக்கலாம். கருப்பனுக்கு அந்த ஒரு பங்கு 240 கலோரி: அவித்த முட்டை ஒன்றும் வெந்த கோழிக்கறி 100 கிராமும். பிஸ்கட், தேங்காய்ச் சில்லு, பொட்டுக்கடலை உள்பட நாள் முழுக்கக் கொடுக்கும் எல்லாத் தீனியும் இந்த 240-க்குள்தான் வர வேண்டும். மீதமாகும் குழம்புச் சோற்றுக்கு இதில் இடமில்லை. நம் அரிசியும் பருப்புச் சாதத்தில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் இருக்காது; பள்ளிபாளையம் சிக்கனில் வெங்காயம் கறியோடு போட்டி போடும். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடியவை. 60 கிலோ நாய் ஒரு வாய் தின்றால் உடனே ஆபத்தென்று அலறத் தேவையில்லை என்றாலும், தினமும் சேரும்போது இரத்தச் சோகைக்கு வழிவகுக்கும். பாயசத்தில் மிதக்கும் திராட்சையும், வெந்த எலும்பும், சாக்லேட்டும் ஒரு தடவைகூடக் கூடாதவை.

எதைப் போடுகிறோம் என்பதற்கு இணையாக எப்படிப் போடுகிறோம் என்பதும் இந்த இனங்களில் உயிர்ப் பிரச்சினை. நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி, தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும் நிலை ஏற்படுவதுண்டு. எல்லா இனங்களிலும் கிரேட் டேன்தான் இதற்கு அதிகம் ஆளாகிறது. ஒரே வேளையில் மொத்தத்தையும் போடுவதும், நாய் அள்ளி விழுங்குவதும் அபாயத்தைக் கூட்டுகின்றன. வளர்ந்த நாய்க்கு இரண்டு அல்லது மூன்று வேளையாகப் பிரித்துப் போட்டு, உண்டபின் ஒரு மணி நேரமாவது ஓடவிடாமல் வைத்திருப்பது நல்லது. கழுத்து வலிக்குமே என்று வட்டிலைச் சாய்மேசையில் உயர்த்தி வைப்பவர்கள் கவனிக்க: பர்டூ பல்கலைக்கழகத்தார் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், உயர்த்தி வைத்த வட்டிலில் உண்ட நாய்களுக்கே இது அதிகம் வந்தது. அது பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை என்றாலும், எங்கள் வட்டில் தரையில்தான் இருக்கிறது. வயிறு புடைத்து, எச்சில் ஒழுக, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல் நாய் தவித்தால், சோற்றை மறுக்கிறது என்று நினைத்துக் காத்திருக்கக் கூடாது. நடு இரவானாலும் வண்டியை எடுக்க வேண்டும். ஒவ்வொரு மணி நேரமும் உயிருக்கான கணக்கு.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். நன்றாக உண்டுகொண்டிருந்த நாய் திடீரென்று மறுத்தால் அதை அடம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. உண்ணிக் காய்ச்சல், உடைந்த கடைவாய்ப் பல், குடற்புழு, மூட்டு வலி எதுவாகவும் இருக்கலாம். வளர்ந்த நாய் ஒரு நாள் முழுதும் எதையும் தொடவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். குட்டியானால் அவ்வளவு நேரமும் பொறுக்கக் கூடாது. அடுத்து வெயில். கரூரிலும் ஈரோட்டிலும் சித்திரை, வைகாசியில் நமக்கே பகலில் சோறு இறங்குவதில்லை. ஆல்ப்ஸ் மலைப் பனிக்கென்று உருவான செயின்ட் பெர்னார்டிடம் மதியம் ஒரு மணிக்கு வட்டிலை நீட்டிவிட்டு அது அடம்பிடிக்கிறது என்பது நியாயமாகாது. விடியற்காலை ஐந்தரைக்கும் இரவு எட்டுக்கும் போட்டுப் பாருங்கள்.

இவ்விரண்டும் இல்லையென்றால் நாய் வேறெங்கோ உண்கிறது. கருப்பன் விஷயத்தில் நடந்ததும் அதுதான். தொழுவத்துக்குப் பின்னால் மாடுகளுக்குத் தேங்காய்ப் புண்ணாக்கும் தவிடும் ஊறவைக்கும் கழுநீர்த் தொட்டி இருக்கிறது. ஆறாம் நாள் அதிகாலையில் பால் கறக்கப் போன அம்மாதான் கண்டுபிடித்தார்: தொட்டியின் விளிம்பில் முன்னங்கால்களைக்கூட வைக்காமல், நின்றபடியே தலையை மட்டும் தாழ்த்தி, அடியில் படிந்த புண்ணாக்கை அது சாவகாசமாக நக்கிக்கொண்டிருந்தது. மாட்டுக்கென்று வைத்த உயரம் அதற்கும் சரியாகப் பொருந்தியிருந்தது. தோட்டமாக இல்லாமல் கோயம்புத்தூரில் அடுக்குமாடி வீடாக இருந்தால், தொட்டியின் இடத்தில் தாத்தாவின் காலை பிஸ்கட்டோ, பக்கத்து வீட்டு இட்லியோ இருக்கும். வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் நாய்க்குக் கொடுப்பதை ஒரு வாரம் நோட்டில் எழுதிவைத்தால் மர்மம் பெரும்பாலும் தானே விலகிவிடும்.

கடைசியாக மிஞ்சுவதுதான் நாமே கற்றுக்கொடுத்த அடம். உலர் உணவை முகர்ந்துவிட்டு நகர்ந்தால் ஐந்து நிமிடத்தில் கறி வரும் என்று நாய் ஒருமுறை அறிந்துகொண்டால், பிறகு அது நகரத்தான் செய்யும். அது அடமா, புத்திசாலித்தனமா என்பதை நாய்தான் சொல்ல வேண்டும். உடல்நலம் சரியாக உள்ள வளர்ந்த நாயிடம் இதை மாற்ற எளிய வழி உண்டு. குறித்த நேரத்தில் அளந்த உணவை வைத்து, 20 நிமிடத்தில், உண்டாலும் உண்ணாவிட்டாலும் வட்டிலை எடுத்துவிட வேண்டும். அடுத்த வேளை வரை தண்ணீர் தவிர எதுவும் கிடையாது. கெஞ்சவும் கூடாது, திட்டவும் கூடாது. பெரும்பாலான நாய்கள் ஓரிரு வேளைகளில் உண்ணத் தொடங்கிவிடும். ஒரு நாள் தாண்டினால் முன்சொன்ன மருத்துவர் விதி பொருந்தும். உலர் உணவில் வெதுவெதுப்பான நீரை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவைத்தால் வாசனை எழும்பும். உப்பும் வெங்காயமும் இல்லாமல் வேகவைத்த கறியின் தண்ணீரானால் இன்னும் நல்லது. உண்மையிலேயே உணவை மாற்ற நேர்ந்தால், பழையதில் கால் பங்கைக் குறைத்துப் புதியதைக் கால் பங்கு சேர்ப்பதில் தொடங்கிப் பத்து நாட்களில் முழுதாக மாற்ற வேண்டும். கிரேட் டேன்களுக்கு வயிறு சட்டென்று இளகும். வயிற்றுப்போக்கு கண்டவுடன் உணவே ஒத்துக்கொள்ளவில்லை என்று அடுத்த பைக்குத் தாவுவதால், எந்த உணவும் ஒத்துக்கொள்கிறதா என்று அறியவே வாய்ப்பில்லாமல் போகிறது.

அளவு சரியா என்பதைக் கையால் தொட்டே அறியலாம். விலா எலும்பின்மேல் உள்ளங்கையை வைத்தால், அழுத்தாமலேயே எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும்; மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கியிருக்க வேண்டும். 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்து 2002-இல் வெளியான ஆய்வில், ஒப்பீட்டுக்கு ஜோடி சேர்த்த நாயைவிடக் கால் பங்கு குறைவாக உண்டவை சராசரியாக ஏறத்தாழ இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. ராட்சத இனங்களின் ஆயுள் ஏற்கெனவே குறுகியது என்பதால், விலா தெரிகிறதே என்று அனுதாபப்படுகிறவர்களிடம் நான் இந்த ஆய்வைத்தான் சொல்வேன்.

கழுநீர்த் தொட்டிக்கு இப்போது பலகை மூடி போட்டாயிற்று. மூடிய மறுநாள் காலையிலும் கருப்பன் தொட்டியருகே போய் வெகுநேரம் நின்றது. இரவு எட்டு மணிக்கு வட்டிலில் வைத்த 345 கிராமையும் உண்டுவிட்டு, வட்டிலைத் தள்ளிக்கொண்டே தொழுவம் வரை போய்விட்டது.